விடுப்புச் சம்பளத்துக்கும் வரி பிடித்துவிட்டார்கள், ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது?

காவிரிக்கரை | 11 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து, போன வருடம் நவம்பர் 30-ஆம் தேதி 60 வயது முடிந்து ஓய்வு பெற்றேன். 1990-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள். அதனால் பழைய ஓய்வூதியம்தான்.

34 வருடமும் வரி விஷயத்தை நான் தலையில் ஏற்றிக்கொண்டதே இல்லை. பிப்ரவரி மாதம் அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவேன். ஜூலையில் எங்கள் ஊர் ஆடிட்டரிடம், அலுவலகம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐக் கொடுப்பேன், அவர் ரிட்டர்ன் போட்டுவிடுவார். அவ்வளவுதான். இந்த வருடம்தான் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் பார்க்கிறேன்.

ஓய்வின்போது வந்தது இது. பணிக்கொடை 17,67,150. கம்யூட்டேஷன், அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது, 11,47,000. ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கு 8,56,800. ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) 9,40,000. கூட்டினால் 47 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இதைத் தவிர ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாதச் சம்பளம் 8,96,000, டிசம்பர் முதல் மார்ச் வரை ஓய்வூதியம் 1,68,736, வங்கி வட்டி 31,000. என் கணவர் தனியார் ஆலையில் வேலை பார்த்தவர், 2021-ல் காலமாகிவிட்டார். அவர் வழியில் பிஎஃப் அலுவலகத்திலிருந்து எனக்கு மாதம் 2,300 வருகிறது.

சிக்கல் விடுப்புச் சம்பளத்தில். ஜனவரியில் 8,56,800 வர வேண்டிய இடத்தில் கணக்கில் ஏறியது 6,89,110தான். மீதி 1,67,690-ஐ வரி என்று பிடித்திருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டேன். பில் போட்டவர் புதிதாக வந்த பிள்ளை, "சிஸ்டம்ல அப்படித்தான்மா வருது" என்றார். இப்போது ஃபார்ம் 16-ல் மொத்தச் சம்பளம் 17,52,800 என்று இருக்கிறது. விலக்கு என்ற இடத்தில் சுழியம். முன்பு மாதாமாதம் பிடித்த 33,384-ஐயும் சேர்த்து மொத்த டிடிஎஸ் (முன்னதாகவே பிடித்த வரி) 2,01,074.

ஆடிட்டர், ஃபார்ம் 16-ல் இருப்பதைத்தான் போட வேண்டும், மாற்றினால் நோட்டீஸ் வரும் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்னோடு ஓய்வு பெற்ற வேறு அலுவலகத் தோழிக்கு ஒரு பைசா பிடிக்கவில்லை. தை மாதம் மகள் கல்யாணம் வைத்திருக்கிறேன். லட்சத்துக்கு மேல் போவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, பணிக்கொடை, கம்யூட்டேஷன், ஜிபிஎஃப் மூன்றும் எந்த ஃபார்ம் 16-லும் இல்லை. இவற்றைக் காட்ட வேண்டுமா? காட்டினால் 50 லட்சத்தைத் தாண்டி ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட முடியாமல் போய்விடுமா? பிப்ரவரியில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் 12 லட்சத்தை வைப்புத்தொகையிலும் போட்டேன். இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களோ என்றும் ஒரு பயம்.

எதற்குவம்பு | 11 ஆகஸ்ட் 2025

அம்மா, வரி இல்லாத பணத்தை ரிட்டர்னில் எழுதவே தேவையில்லை. நான் 2019-ல் ஓய்வு பெற்றேன், பணிக்கொடை ஜிபிஎஃப் எதையும் காட்டவில்லை, இன்றுவரை யாரும் கேட்கவில்லை. சம்பளத்தை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழையகருவூலம் | 11 ஆகஸ்ட் 2025

சகோதரி, முதலில் நிம்மதியாக இருங்கள். உங்கள் பணம் எங்கும் போகவில்லை. நான் சார்நிலைக் கருவூலத்தில் 31 ஆண்டு இருந்தவன். ஓய்வு பெறுபவர்கள் இந்த ஒரு இடத்தில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 10(10ஏஏ). மத்திய, மாநில அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது கணக்கில் மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்புக்காக வாங்கும் பணம் முழுவதற்கும் வரி விலக்கு. உச்சவரம்பே கிடையாது. 25 லட்சம் என்று எங்காவது படித்திருப்பீர்கள், அது தனியார், வங்கி, பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு. உங்களுக்கு அந்தக் கணக்கு வராது. பணியில் இருக்கும்போதே விடுப்பைச் சரண்டர் செய்தால் அதற்கு வரி உண்டு. ஓய்வின்போது வருவதையும் அதே தலைப்பில் பில் போட்டுவிட்டார்களோ என்று நினைக்கிறேன். எப்படி நடந்திருந்தாலும் அந்த 8,56,800-க்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை.

பிடித்த வரியை அலுவலகம் திருப்பித் தர முடியாது. அது உங்கள் பான் எண்ணில் அரசுக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாக வாங்குவதுதான் வழி. ஃபார்ம் 16 என்பது சம்பளம் கொடுத்தவர் போட்ட கணக்கு. அதில் விட்டுப்போன விலக்கை ரிட்டர்னில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆடிட்டர் பயப்படுவதும் புரிகிறது. ஆனால் மொத்தச் சம்பளம் 17,52,800 என்பதை நீங்கள் குறைக்கப் போவதில்லை. அதை அப்படியே வைத்து, அதற்குக் கீழே விலக்கு பெறும் படிகள் என்ற இடத்தில் 10(10ஏஏ)-ஐத் தேர்ந்தெடுத்து 8,56,800 போடுகிறீர்கள். மேலே உள்ள எண் ஃபார்ம் 16-ஓடு ஒத்துப்போகும்.

இதோடு அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்து வையுங்கள். நான்காம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையில் ஆண்டுச் சம்பள விவரம் போகும். அதில் விலக்கைச் சேர்த்துத் திருத்த அறிக்கை தாக்கல் செய்தால் திருத்திய ஃபார்ம் 16 கிடைக்கும். கிடைத்தால் நல்லது. அதற்காக ரிட்டர்னை நிறுத்தி வைக்க வேண்டாம், செப்டம்பர் 15 கடைசி நாள்.

அடுத்தது பணிக்கொடை, கம்யூட்டேஷன். அரசு ஊழியருக்கு இரண்டும் முழு விலக்கு, 10(10), 10(10ஏ). கருவூலத்திலிருந்து ஓய்வூதியத்துக்கு ஒரு ஃபார்ம் 16 வந்திருக்கும். அதில் 1,68,736 மட்டும்தான் இருக்கும். அந்தச் சம்பளப் பகுதியில் பணிக்கொடையையும் கம்யூட்டேஷனையும் மொத்தத்தில் கூட்டி, அப்புறம் அதே தொகைகளை விலக்கில் கழிக்க வேண்டும். மொத்தத்தில் கூட்டாமல் விலக்கை மட்டும் போட்டால் படிவம் ஏற்காது, சம்பளத்தைவிட விலக்கு அதிகம் என்று பிழை காட்டும். பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய், காட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 48,35,686. விலக்கு 37,70,950. மிச்சம் 10,64,736. அதாவது உங்கள் 8 மாதச் சம்பளமும் 4 மாத ஓய்வூதியமும் மட்டும். சரியாக வருகிறதா? ஐடிஆர்-1-க்கான 50 லட்சம் வரம்பு விலக்குகளைக் கழித்த பின் வரும் மொத்த வருமானத்துக்குத்தான். நீங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. ஜிபிஎஃப் 9,40,000-ஐச் சம்பளத்தில் சேர்க்காதீர்கள். கடைசியில் விலக்கு பெற்ற வருமானம் என்று தனிப் பகுதி இருக்கிறது. அங்கே 10(11)-ன் கீழ் எழுதினால் போதும்.

வேலை வகை கேட்கும் இடத்தில் அலுவலகத்துக்கு மாநில அரசு என்றும், கருவூலத்துக்கு மாநில அரசு ஓய்வூதியர் என்றும் தேர்வு செய்யுங்கள். தவறி 'மற்றவர்கள்' என்று கொடுத்தால் தனியாருக்கான வரம்புகளை உங்கள் மேல் வைத்துப் பார்க்கும்.

எதற்குவம்பு ஐயாவுக்கு ஒரு வார்த்தை. வரி இல்லை என்பதும் எழுத வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. உங்களைக் கேட்கவில்லை என்பது உங்கள் நல்ல நேரம். இந்தச் சகோதரி ஒரே ஆண்டில் 42 லட்சம் முதலீடு செய்திருக்கிறார். ஒருவர் ஒரு ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ வைப்புத்தொகை போட்டால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், அது துறை அவரவர் பெயரில் வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ல் வந்து நிற்கும். ரிட்டர்னில் 10 லட்சம் வருமானம் மட்டும் தெரிந்தால் மீதிக்குக் கேள்வி வரும். பணிக்கொடையும் கம்யூட்டேஷனும் ரிட்டர்னிலேயே இருந்தால் பதில் முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரி.

நொய்யல் | 12 ஆகஸ்ட் 2025

கருவூல ஐயா சொன்னது அரசு ஊழியருக்குச் சரி. இதைப் படித்துவிட்டுத் தனியாரில் இருந்தவர்கள் அப்படியே போட்டுவிடக் கூடாது என்பதற்காக என் கதையைச் சொல்கிறேன்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்து 2022 மார்ச்சில் ஓய்வு பெற்றேன். 31 வருடம் 7 மாதம் சர்வீஸ். பணிக்கொடைச் சட்டம் 1972-க்குள் வருகிற ஆலை. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 52,000. இதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும், 30,000. ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 7 மாதம் முழு வருடமாகி 32. ஆக 9,60,000. ஆலை நல்லெண்ணத்தில் எனக்குக் கொடுத்தது 11 லட்சம். வாங்கிய தொகை, சூத்திரத்தில் வரும் தொகை, 20 லட்சம் ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. எனவே மேலே வந்த 1,40,000-க்கு வரி கட்டினேன். 20 லட்சம் வரைக்கும் வரியே இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எண் உச்சவரம்பு மட்டும்தான் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

விடுப்புப் பணம் 4,10,000 வந்தது. அப்போது எங்களுக்கு வரம்பு வெறும் 3 லட்சம். 1,10,000-க்கு வரி. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு 25 லட்சம் ஆக்கிவிட்டார்கள். என்னோடு ஒரே ஷிஃப்டில் நின்றவர் அடுத்த வருடம் ஓய்வு பெற்று முழுவதையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. பல வருடமாக அந்த 3 லட்சத்தை ஏற்றாமல் வைத்திருந்தது தொழிலாளிக்குச் செய்த அநியாயம் என்றுதான் சொல்வேன்.

பிஎஃப் பணத்தை ஓய்வு பெற்றதும் எடுத்துவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் தொடர் சர்வீஸ் இருந்தால் எடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் வேலையை விட்ட பிறகும் அங்கேயே விட்டு வைத்தால், அன்றிலிருந்து சேரும் வட்டி வரிக்கு உட்பட்டது. நான் ஒரு வருடம் விட்டு வைத்து, அந்த வட்டியை மற்ற வருமானத்தில் காட்டினேன்.

வைகை | 12 ஆகஸ்ட் 2025

மதுரையில் வரி ஆலோசகராக இருக்கிறேன். பெரியவர்கள் எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் மற்ற கேள்விகளுக்கு மட்டும் வருகிறேன்.

கணவர் வழியில் வரும் 2,300 குடும்ப ஓய்வூதியம். அதைச் சம்பளத்தில் போடக் கூடாது, மற்ற வருமானத்தில் போட வேண்டும். ஆண்டுக்கு 27,600. இதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும். உங்களுக்கு 9,200 போக 18,400. நிலையான கழிவு 75,000 உங்கள் சம்பளம், ஓய்வூதியம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு முறைதான். அலுவலகம் ஒரு முறையும் கருவூலம் ஒரு முறையும் கழித்துக் கணக்குப் போட்டிருக்கும். ஓய்வு பெற்ற ஆண்டில் பலருக்கு ரிட்டர்ன் போடும்போது திடீரென்று வரி பாக்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய வரி முறையில் கணக்கிட்டால்: 10,64,736-ல் 75,000 போக 9,89,736. வட்டி 31,000, குடும்ப ஓய்வூதியம் 18,400 சேர்த்து 10,39,136. வரி, செஸ் உட்பட 58,106. பிடித்தது 2,01,074. ரீஃபண்ட் 1,42,970. பழைய முறையில் ஜிபிஎஃப்-புக்கான 1,50,000 கழிவும் மூத்த குடிமக்கள் வட்டிக் கழிவும் எடுத்தாலும் வரி 90,000-ஐ ஒட்டி வருகிறது. எனவே புதிய முறையே லாபம். புதிய முறைக்குப் போனால் பணிக்கொடை, கம்யூட்டேஷன், விடுப்புச் சம்பள விலக்கெல்லாம் போய்விடும் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். போகாது. வீட்டு வாடகைப்படி, 80சி (சேமிப்புக்கான கழிவு) மாதிரியானவைதான் போகும். இந்த மூன்று விலக்கும் இரண்டு முறையிலும் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அலுவலகம் விடுப்புச் சம்பளத்துக்கு வரி பிடிக்காமல் இருந்திருந்தால் 33,384தான் பிடித்திருப்பார்கள், நீங்கள் சுமார் 24,700 கையிலிருந்து கட்ட வேண்டியிருந்திருக்கும். ஆக உங்கள் தோழியையும் அவருடைய கணக்கை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கருவூலம் நான்கு மாத ஓய்வூதியத்தை மட்டும் பார்த்து ஒன்றும் பிடித்திருக்காது. 60 வயது ஆகித் தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது. அதனால் பாக்கி இருந்தாலும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி விழாது.

இந்த ஆண்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. 30 லட்சத்துக்கு 8.2 சதவீதத்தில் ஆண்டு வட்டி 2,46,000. மூத்த குடிமக்களுக்கு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். ஆனால் ஓய்வூதியமும் வட்டியும் எல்லாம் சேர்த்தாலும் உங்களுக்கு 8 லட்சத்தை ஒட்டித்தான் வரும். இந்த ஆண்டு 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி சுழியம். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் படிவம் 15எச் கொடுக்கலாம், தள்ளுபடிக்குப் பிறகு வரி இல்லை என்றாலே போதும். வங்கியில் இன்றே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடமும் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

காவிரிக்கரை | 14 ஆகஸ்ட் 2025

கண் கலங்கிவிட்டது. அறிமுகமில்லாத ஒருத்திக்காக இவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள்.

தோழியிடம் சொன்னேன். அவருக்கு 22,000 பாக்கி வருகிறது. ரிட்டர்னே போட வேண்டாம் என்று இருந்தாராம். அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டேன், ஒப்புகை முத்திரையும் வாங்கினேன். அந்தப் புதுப் பிள்ளை வருத்தப்பட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் சேர்ந்த புதிதில் என் தலைமை எழுத்தர் சம்பளப் பட்டியலைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இப்போது அந்த நாற்காலிகள் பாதி காலியாகக் கிடக்கின்றன.

ஒரு சந்தேகம். ரிட்டர்னோடு எதையாவது இணைக்க வேண்டுமா?

பழையகருவூலம் | 14 ஆகஸ்ட் 2025

எதையும் இணைக்க வழியில்லை, தேவையும் இல்லை. ஆனால் நான்கு காகிதத்தைத் தனியாக ஒரு கோப்பில் வையுங்கள்: ஓய்வு பெற அனுமதித்த ஆணை, விடுப்பு ஒப்பளிப்பு ஆணை, மாநிலக் கணக்காயரிடமிருந்து வந்த பணிக்கொடை, கம்யூட்டேஷன் ஒப்பளிப்பு, ஜிபிஎஃப் இறுதித் தொகை ஆணை. விடுப்பு ஆணைதான் முக்கியம், 240 நாள் என்பதும் தொகையும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். நகல் எடுத்து மகளிடமும் ஒரு செட் கொடுங்கள்.

காவிரிக்கரை | 18 அக்டோபர் 2025

தேடி வருகிறவர்களுக்காக முடிவையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 24-ஆம் தேதி மகளும் நானும் உட்கார்ந்து நாங்களே போட்டோம். இரண்டரை மணி நேரம் ஆனது. கருவூலத்தின் ஃபார்ம் 16 பகுதியில் பணிக்கொடையைக் கூட்டாமல் விலக்கை முதலில் போட்டதும், ஐயா சொன்ன அதே பிழை வந்தது. கூட்டியதும் போய்விட்டது. ஆதார் ஓடிபி மூலம் அன்றைக்கே சரிபார்ப்பும் முடித்தோம். 30 நாளுக்குள் அதை முடிக்காவிட்டால் ரிட்டர்ன் போட்ட தேதியே கணக்கில் வராது என்று மகள் சொன்னாள்.

திருத்திய ஃபார்ம் 16 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. காத்திருந்தால் கெடு போயிருக்கும்.

நேற்று பணம் வந்துவிட்டது. 1,42,970, அதோடு ஏப்ரல் முதல் மாதம் அரை சதவீதம் வீதம் வட்டி 5,000-ஐ ஒட்டி. இந்த வட்டி அடுத்த ரிட்டர்னில் மற்ற வருமானத்தில் சேர வேண்டும் என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். 15எச்-ம் கொடுத்தாகிவிட்டது.

இன்று காலை அந்த அலுவலகத்துக்குப் போய், டிசம்பரில் ஓய்வு பெறப்போகிற இரண்டு பேரின் விடுப்புச் சம்பள பில்லை அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். இரண்டிலும் 10(10ஏஏ) ஏறியிருக்கிறது.